கடைப் பையனும் சமூகக் கல்லூரியும்



எஸ்.பி.எம். பரீட்சையின் முடிவு வெளியானதும் நம் மலைக் கடைகளுக்கு வேலை கேட்டு நாலைந்து பையன்கள் வருவது வழக்கம். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கம்போங் ராஜாவிலும் கடை வைத்திருக்கும் எவரும் இதை அறிவார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவன் ஒருவன். காய்கறித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை ஒருவன். "அத்தாவின் கடையிலேயே நின்றுவிடுகிறேன்" என்று சொல்லும் நம் வீட்டுப் பிள்ளையே ஒருவன். "பாஸா தம்பி?" என்று கேட்டால், "பாஸ்தான் முதலாளி, ஆனா மார்க்கு பத்தாது" என்று தலையைக் குனிந்துகொள்வான். நமக்கும் ஆள் போதவில்லை. "சரி, நாளைக்கு வா" என்கிறோம். அந்த ஒரு வார்த்தையோடு அவனுடைய படிப்பு முடிந்துவிடுகிறது.

அவனுக்குச் சொல்லவேண்டிய வார்த்தை வேறு ஒன்று இருக்கிறது என்பதே இந்தப் பாடத்தின் விஷயம். "சமூகக் கல்லூரி என்று ஒன்று உண்டு. போய் விசாரித்துவிட்டு வா. அதன் பிறகு வேலையைப் பற்றிப் பேசுவோம்" என்பதே அது.

இதை எழுதுகிற நான் மதரஸாவிலும் தொடக்கப் பள்ளியிலும் மட்டுமே படித்தவன். கல்லூரி வாசலில் மாணவனாகக் கால் வைத்தவனல்லன். எனினும், சரக்கின் தரத்தை விசாரித்து அறிவது வியாபாரியின் பழக்கமாதலால், படிப்பு என்னும் இந்தச் சரக்கையும் அவ்வாறே விசாரித்து, அறிந்ததை நம்மவர்களுக்கு எடுத்துச் சொல்கிறேன்.

சமூகக் கல்லூரி என்றால் என்ன?

பள்ளிக்கூடம் முடித்தவர்களுக்கு இரண்டே வழி என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மார்க்கு நிறைய வாங்கியவன் பல்கலைக்கழகம் போவான், வாங்காதவன் வேலைக்குப் போவான் என்பது நம் கணக்கு. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று நூறு வருஷங்களுக்கு முன்பே உலகில் திறக்கப்பட்டுவிட்டது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோலியட் என்னும் ஊரில் 1901ஆம் ஆண்டு, ஓர் உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டி ஒரு சிறு கல்லூரியை ஆரம்பித்தார்கள். முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 6 பேர்தாம். வீட்டை விட்டு வெகுதூரம் போக இயலாத பிள்ளைகள் உள்ளூரிலேயே மேற்கொண்டு படிக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், அந்நாட்டு ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழு 1947ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. ஊர் மக்களுக்கு அருகிலேயே, குறைந்த செலவில் இத்தகைய கல்லூரிகள் பெருகவேண்டும் என்று அது சொன்னது. "சமூகக் கல்லூரி" என்ற பெயர் பரவியதற்கு அந்த அறிக்கை ஒரு முக்கிய காரணம்.

பெரிய பட்டணங்களில் இக்கல்லூரிகளுக்கு வேறொரு வேலையும் வந்து சேர்ந்தது. பிழைப்புத் தேடிப் பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள், பகலில் கடையிலும் தொழிற்சாலையிலும் உழைத்துவிட்டு இரவில் படிக்க வந்தார்கள். நியூயார்க் நகரத்தின் குயீன்ஸ் பகுதியில் 1971ஆம் ஆண்டு லகார்டியா சமூகக் கல்லூரி திறக்கப்பட்டது. முன்பு தொழிற்சாலையாக இருந்த கட்டடத்தில் அது தொடங்கியது. ஒரு பருவம் வகுப்பு, ஒரு பருவம் வெளியே வேலை என்று உழைப்பையும் பாடத்தில் ஒரு பகுதியாகச் சேர்த்த கல்லூரி என்று அது பெயர் பெற்றது. சான் பிரான்சிஸ்கோ நகரமோ 1935இல் தொடங்கப்பட்ட தன் நகரக் கல்லூரியில், 2017 முதல் அந்நகரவாசிகளிடம் படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை என்று முடிவு செய்தது. பெருமதிப்புள்ள கட்டடங்கள் கைமாறும்போது வசூலிக்கும் வரியை உயர்த்தி, அதற்கான பணத்தைத் தேடிக்கொண்டது.

நம் முன்னோர்களின் தமிழ்நாட்டுப் பக்கத்திலும் இது புதிதல்ல. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் ஒரு சமூகக் கல்லூரியைத் தொடங்கியது. சென்னையில் 1996இல் மற்றொன்று ஏற்பட்டது. பள்ளியை இடையில் நிறுத்தியவர்களுக்கும் ஏழை வீட்டுப் பெண்களுக்கும் கைத்தொழிலும் பேச்சுப் பழக்கமும் கற்றுக்கொடுத்து வேலையில் சேர்ப்பது இவற்றின் நோக்கம்.

நம் நாட்டின் ஏற்பாடு

மலேசியாவில் 2000ஆம் ஆண்டு அமைச்சரவை இதற்கு ஒப்புதல் அளித்தது. 2001 முதல் கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. மலாயில் "கோலெஜ் கொமுனிட்டி" என்பது இதன் பெயர். பாராளுமன்றத் தொகுதிக்கு ஒன்றாவது வேண்டும் என்பது தொடக்கத்தில் சர்க்கார் கொண்ட எண்ணம். இன்று நாடெங்கும் 100க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. உயர்கல்வி அமைச்சின் கீழ், பாலிடெக்னிக்குகளையும் இவற்றையும் சேர்த்து ஒரே இலாகா நடத்துகிறது.

நம் பஹாங்கில் லிப்பிஸ், ரவூப், பெந்தோங் ஆகிய இடங்களில் இக்கல்லூரிகள் உண்டு. மலையை விட்டுப் பேராக் பக்கம் இறங்கினால் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் முதலிய இடங்களில் உண்டு. நம்மவர்கள் நிறையக் கடை வைத்திருக்கும் பட்டணங்களின் பக்கம் என்றால், பினாங்கில் பாயான் பாருவிலும், கோலாலம்பூரை அடுத்த செலாயாங்கிலும் இருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் எல்லாப் பாடங்களும் இருக்கமாட்டா. ஓரிடத்தில் சமையலும் ரொட்டி, கேக் செய்முறையும். ஓரிடத்தில் மின்சார வேலை. ஓரிடத்தில் மோட்டார் வாகனப் பழுது. ஓரிடத்தில் குளிர்சாதனப் பழுது. மற்றோரிடத்தில் கம்ப்யூட்டர், தையல், ஓட்டல் நிர்வாகம், வியாபார நடைமுறை. ஆகவே, ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பாடத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

சான்றிதழ்ப் படிப்பு பெரும்பாலும் 2 ஆண்டுக்குள் முடிவது. அதில் ஒரு பகுதி வெளியே தொழிலிடத்தில் பயிற்சி. எஸ்.பி.எம். சான்றிதழ் கைக்கு வரவேண்டுமானால் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறியிருக்கவேண்டும் என்பது நமக்குத் தெரிந்ததே. அந்தச் சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு, மார்க்கு மிகவும் உயர்வாக இல்லாவிட்டாலும் இங்கே வழி உண்டு. மற்ற நிபந்தனைகள் பாடத்துக்குப் பாடம் வேறுபடும். விண்ணப்பம் யு.பி.யு. என்னும் பொது ஏற்பாட்டின் மூலம் கம்ப்யூட்டர் வழியே செய்யப்படுகிறது. அதற்குக் காலக்கெடு உண்டு. கெடு தப்பினால் அடுத்த சேர்க்கைக்குக் காத்திருக்கவேண்டும். பையன் நம் கடைக்கு வந்து நிற்கும் நாட்களும் விண்ணப்பக் காலமும் அநேகமாக அடுத்தடுத்து வருவதால்தான், அன்றைக்கே அவனிடம் சொல்லவேண்டும் என்கிறேன்.

சான்றிதழோடு படிப்பு நின்றுவிடவேண்டியதில்லை. நன்றாகத் தேறியவன் பாலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்குப் போகலாம். அங்கிருந்து பட்டப் படிப்புக்கும் வழி உண்டு. நேர் படிக்கட்டில் ஏற முடியாதவனுக்குச் சுற்றிக்கொண்டு ஏறும் படிக்கட்டு இது.

நமக்குப் பழக்கமான முறையே

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடித்த புதுமை என்று யாரும் நினைக்கவேண்டாம். நம் பெரியவர்கள் கடை நடத்திய முறையை நினைத்துப் பாருங்கள். இராமநாதபுரத்திலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ நாகூரிலிருந்தோ கப்பலேறி வந்த பையனை முதல் நாளே கல்லாவில் உட்காரவைப்பதில்லை. கடை வாசலைக் கூட்டுவான். பிறகு சாக்குக் கட்டுவான். பிறகு பொட்டலம் மடிப்பான். தராசைப் பிடிக்கச் சில மாதம் ஆகும். சிட்டை எழுத ஒரு வருஷம். பேரேட்டைத் தொட இன்னும் ஒரு வருஷம். கொள்முதலுக்கு முதலாளியோடு போய்வர, நம்பிக்கை பிறந்த பின். இப்படிப் படிப்படியாகக் கையால் செய்து கற்ற ஒருவன்தான் பிற்பாடு தனிக்கடை வைத்தான். கல்லாப் பெட்டிக்கு அருகே நின்று கற்ற அந்தக் கல்வி ஒரு கல்லூரிக்குச் சமானமே.

ஆனால், அந்தக் கல்லூரியில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, முதலாளிக்குத் தெரிந்ததற்கு மேல் பையனுக்குத் தெரியவராது. எனக்குக் குளிர்பெட்டியின் உள்ளே இருப்பது தெரியாது. ஆகவே என் கடைப் பையனுக்கும் தெரியாது. இரண்டு, பத்து வருஷம் உழைத்தாலும் அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம் இராது. என் கடையில் அவன் கெட்டிக்காரன்; அடுத்த ஊர்க் கடையில் மறுபடியும் வாசல் கூட்டுகிறவன். சமூகக் கல்லூரி இந்த இரண்டு குறைகளையும் நிவர்த்தி செய்கிறது. கற்பிக்கும் முறை நம் முறைதான். கையால் செய்தே கற்கிறார்கள். கற்றதற்கு நாடெங்கும் மதிப்புள்ள அத்தாட்சி கிடைக்கிறது.

ஒரு சிறு உதாரணம். எங்கள் கடையில் ஐஸ் பெட்டி நின்றுபோய், கோழியும் மீனும் கெட்டுப்போகும் நிலை ஒரு முறை ஏற்பட்டது. பழுது பார்க்க வந்தவன், லயத்து வீடு ஒன்றில் பிறந்து, மலையிறங்கிப் போய் ஒரு சமூகக் கல்லூரியில் குளிர்சாதனத் தொழில் படித்துவந்த பையன். இரண்டு மணி நேரம் வேலை செய்தான். கூலி 180 வெள்ளி வாங்கினான். குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளியை 26 நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 65 வெள்ளிச் சொச்சம். ஆகவே, என் கடையாள் ஏறக்குறைய மூன்று நாள் நின்று சம்பாதிப்பதை அவன் இரண்டு மணி நேரத்தில் சம்பாதித்தான். தினந்தோறும் அத்தகைய வேலை கிடைக்காது என்பது உண்மையே. ஆயினும் இந்த மலையில் எத்தனை கடை, எத்தனை ஓட்டல், எத்தனை பூக்கிடங்கு, எத்தனை காய்கறிக் கிடங்கு என்று எண்ணிப் பார்த்தால், அவனுக்கு வேலை குறையாது என்பது விளங்கும்.

வரவு செலவுக் கணக்கு

வியாபாரிக்குக் கணக்குப் போட்டுக் காட்டாமல் எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லக்கூடாது. ஆகவே கணக்கைப் பார்ப்போம்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,700 வெள்ளியாயிற்று. ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு கடைகளுக்கு அது 2025 ஆகஸ்ட் 1 முதல் வந்தது. பையன் 2 வருஷம் படிக்கப் போனால், அவன் வேலை செய்து வாங்கியிருக்கக்கூடிய சம்பளம் 24 மாதத்துக்கு 40,800 வெள்ளி நஷ்டம். இதுதான் படிப்பின் உண்மையான விலை. கல்லூரிக் கட்டணம் இதற்கு முன்னே சிறியது. ஏழை வீட்டார் தயங்குவது கட்டணத்தைக் கண்டு மட்டுமல்ல, இந்த 24 மாதத்தைக் கண்டுதான். அவர்களை அறியாதவர்கள் என்று நாம் நினைக்கக்கூடாது.

இனி மறுபக்கம். தொழில் கற்று வந்தவன், கற்காதவனைவிட மாதம் 500 வெள்ளி மட்டும் அதிகம் சம்பாதிக்கிறான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 40,800ஐ 500ஆல் வகுத்தால் ஏறக்குறைய 82 மாதம். அதாவது ஏழு வருஷத்துக்குள் போட்ட முதல் திரும்பிவிடுகிறது. 18 வயதில் சேர்ந்து 20இல் முடித்தவனுக்கு 27 வயதில் முதல் கைக்கு வந்துவிடும். அதன் பின் முப்பது வருஷ உழைப்பு மிச்சம் இருக்கிறது. அந்த முப்பது வருஷமும் வருவது இலாபம். ஏழு வருஷத்தில் முதல் திரும்பி, அப்புறம் முப்பது வருஷம் இலாபம் தரும் சரக்கை நம்மில் யார் வேண்டாம் என்பார்கள்?

கூடுதல் 500 அல்ல, 250தான் என்றாலும் முதல் திரும்பப் பதினாலு வருஷம் ஆகும். அப்போதும் அவனுக்கு வயது 34தான். கூடுதல் ஒன்றுமே கிடைக்காமல் போகவும் கூடும். வேலை கிடைக்காத பாடத்தை எடுத்தாலும், பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் அப்படி நேரும். ஆகவே எந்தப் பாடத்துக்கு எந்த ஊரில் கிராக்கி என்பதைப் பார்த்துச் சேரவேண்டும். கிராக்கி பார்ப்பது நமக்குப் பழக்கமான வேலை. அதில் பையனுக்கு நாம் உதவலாம்.

கல்லூரியில் என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

வியாபார நடைமுறைப் பாடத்தில் சேருகிறவன் ஆரம்பத்திலேயே கற்கவேண்டிய ஒன்றை இங்கே மாதிரிக்குத் தருகிறேன். கடையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூட இதில் தடுமாறுகிறார்கள்.

ஒரு பொருளை 80 வெள்ளிக்கு வாங்கி 100 வெள்ளிக்கு விற்கிறோம். இலாபம் 20 வெள்ளி. இது நூற்றுக்கு எவ்வளவு? கொள்முதல் விலையை வைத்துப் பார்த்தால் 80க்கு 20, அதாவது 100க்கு 25. விற்பனை விலையை வைத்துப் பார்த்தால் 100க்கு 20. இரண்டும் சரியே. ஆனால், எதை வைத்துப் பேசுகிறோம் என்பது தெரியாவிட்டால் மொத்த வியாபாரி ஒன்றைச் சொல்ல, நாம் வேறொன்றைப் புரிந்துகொள்வோம்.

இப்போது வாடிக்கைக்காரர், "நூற்றுக்குப் பத்து தள்ளிக் கொடுங்கள்" என்கிறார். கடையாள், "பத்திலே ஒன்றுதானே" என்று தள்ளிக் கொடுத்துவிடுகிறான். போனது எவ்வளவு? 10 வெள்ளி. நம் இலாபம் 20. ஆகவே இலாபத்தில் பாதி போய்விட்டது. கடை வாடகையும் மின்சாரக் கட்டணமும் சம்பளமும் மிச்சப் பாதியிலிருந்துதான் வரவேண்டும். நாலு முறை சூடுபட்டபின் அனுபவத்தில் கற்பதை, வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கற்றுவிடலாம்.

இன்னொன்றும் பாருங்கள். மின்னியல் விலைப்பட்டியல் என்னும் ஏற்பாட்டை வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி, படிப்படியாகச் சிறியவற்றின் பக்கம் கொண்டுவந்திருக்கிறது. சிறு கடைக்கு விலக்கு இருந்தாலும், நமக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரியும் நம்மிடம் வாங்கும் ஓட்டல்காரரும் அந்த ஏற்பாட்டுக்குள் இருப்பார்கள். சிவப்பு அட்டைச் சிட்டையோடு மட்டும் இனி காலம் தள்ள முடியாது. கடைக்குள் ஒருவராவது இதைப் படித்தவராக இருக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

நம்மவர் சொல்லும் ஆட்சேபங்கள்

"படிக்கப் போனால் கடைக்குத் திரும்பி வரமாட்டான்" என்பது முதல் ஆட்சேபம். வராமல் போகலாம். வராதவன் வேறு இடத்தில் நல்ல நிலையில் இருப்பான். வருகிறவனோ கடையைப் பெரிதாக்குவான். படிக்காததால் வேறு போக்கிடமின்றி நம் கடையில் நிற்பவனைவிட, போக்கிடம் இருந்தும் விரும்பி நிற்பவனே கடைக்குப் பலம்.

"பட்டம் இல்லாத படிப்பு என்ன படிப்பு?" என்பது இரண்டாவது. கலியாணப் பேச்சில் சொல்லிக்கொள்ளப் பட்டம் அழகாக இருக்கும் என்பது உண்மைதான். எனினும் தகுதியில்லாத பாடத்தில் கடன் வாங்கிச் சேர்ந்து, பாதியில் விட்டவர்களும் நம் கண்முன் இருக்கிறார்கள். பிள்ளைக்குக் கை வேலையில் நாட்டம் இருந்தால் அதிலேயே விடுவது புத்திசாலித்தனம்.

"பெண் பிள்ளையை எப்படி வெளியூர் அனுப்புவது?" என்பது மூன்றாவது. எல்லாக் கல்லூரிகளிலும் விடுதி இருப்பதில்லை. இதை முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். ஆனால், நம்மவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். சரக்கு எடுக்கப் போகும்போது தங்குவதற்கு உறவினர் வீடு இருக்கிறது என்றால், ஒரு பெண் பிள்ளை தங்கிப் படிப்பதற்கும் அந்த வீடு இருக்கிறது. கேக் செய்யவும், தையல் வெட்டவும், கணக்கெழுதவும் கற்ற பெண், வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம். அத்தா இல்லாத காலத்தில் அவளுக்கு அதுவே துணை.

"நமக்கு வயதாகிவிட்டதே" என்பது நான்காவது. சமூகக் கல்லூரிகள் பையன்களுக்கு மட்டும் உரியவையல்ல. ஓரிரு நாளிலோ சில வாரத்திலோ முடியும் குறுகிய காலப் பாடங்களையும் அவை நடத்துகின்றன. அவற்றுக்கு வயது வரம்பு பெரும் தடையில்லை. அன்றியும், எம்.கியூ.ஏ. என்னும் சர்க்கார் நிறுவனத்தின் கீழ் "ஏப்பெல்" என்று ஓர் ஏற்பாடு உண்டு. வேலையில் பெற்ற அனுபவத்தைப் படிப்பாக மதித்து, பரீட்சித்துப் பார்த்து, மேற்படிப்புக்கு அனுமதிப்பது அது. சான்றிதழ்ப் படிப்புக்கு 19 வயதும், டிப்ளோமாவுக்கு 20 வயதும் தாண்டியிருக்கவேண்டும்; அந்தத் துறையில் அனுபவம் இருக்கவேண்டும். பள்ளிப் படிப்பு குறைந்த நம்மைப் போன்றவர்களுக்கென்றே திறந்துவைத்த கதவு என்று இதைச் சொல்லலாம். எந்தக் கல்லூரி, எந்தப் பாடத்துக்கு இதை ஏற்கிறது என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளவேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளும் நாமும்

இம்மலையில் ரஸ்ஸல் துரை 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் நம் தமிழ் மக்கள் பெருந்தொகையினர். அவர்களுக்கு அரிசியும் பருப்பும் கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளில் வசூலித்து வளர்ந்தவை நம் கடைகள். இன்று கொழுந்து வெட்டும் வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே அதிகம். லயத்தில் மிஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் வீடும் போய்விடும். ஆகவே தாய் தகப்பன் ஓய்வு பெறுவதற்கு முன், பிள்ளை வேறு ஒரு தொழிலில் காலூன்றியாகவேண்டும். அவனுக்கு இருக்கும் அவகாசம் சில வருஷங்களே.

எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எந்தப் பிள்ளை பள்ளிக்கு நின்றுவிட்டது என்பது ஆசிரியருக்கு அடுத்தபடியாகக் கடைக்காரனுக்குத்தான் தெரியும். கடன் புத்தகமே நமக்கு அதைச் சொல்லும். ஆகவே, பின்வரும் நான்கு காரியங்களை நாம் செய்யலாம்.

1. வேலை கேட்டு வரும் பையனிடம் எஸ்.பி.எம். சான்றிதழைக் காட்டச் சொல்லி, சமூகக் கல்லூரிக்கு விண்ணப்பித்தானா என்று முதலில் கேட்பது. விண்ணப்பிக்கத் தெரியாதவனுக்குக் கடைக் கம்ப்யூட்டரையோ கைப்பேசியையோ கொடுத்து, படித்த ஒருவரை உதவிக்கு உட்காரவைப்பது.

2. அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் இவற்றில் சிக்கல் உள்ள பிள்ளைகளைக் கண்டால், காலம் கடத்தாமல் தேசியப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போகச் சொல்வது. முழுநேரப் படிப்புக்குக் குடியுரிமை கேட்பார்கள். இதில் தாமதித்தால் மற்ற எல்லா முயற்சியும் வீண்.

3. கல்லூரி உள்ள ஊரில் இருக்கும் நம் சங்கத்தார், மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு நியாயமான வாடகையில் ஓர் அறை பார்த்துக் கொடுப்பது. சனி, ஞாயிறுகளில் கடையில் சில மணி நேர வேலை கொடுத்தால், மேலே சொன்ன 24 மாத நஷ்டத்தில் ஒரு பங்கு குறையும்.

4. கல்லூரி மாணவர்களுக்குத் தொழிலிடப் பயிற்சி தர, நம் உணவுக் கடைகளும் ரொட்டிக் கடைகளும் முன்வருவது. பயிற்சிக்கு வரும் பிள்ளையைப் பாத்திரம் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளாமல், கற்கவேண்டியதைக் கற்கச் செய்வது நம் கடமை.

கல்விக்குக் கைகொடுப்பது நம்மவர்களுக்குப் புதிய காரியமன்று. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902இல் தோன்றியது. அச்சங்கத்தின் முயற்சியால் 1951இல் சென்னையில் புதுக்கல்லூரி எழுந்தது. அதே 1951இல் திருச்சியில் ஜமால் முகம்மது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் முன்னின்று ஜமால் முகம்மது கல்லூரியை நிறுவினார்கள். வியாபாரத்தில் தேடிய பொருளைக் கட்டடமாகவும் வகுப்பறையாகவும் மாற்றியவர்கள் அவர்கள். நாம் கல்லூரி கட்டவேண்டியதில்லை, சர்க்கார் கட்டிவைத்திருக்கிறது. அதன் வாசல் வரை ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதுதான் நம் பங்கு.

வீட்டுப் பாடம்

இப்பாடத்தைப் படித்த சகோதரர்கள் அடுத்த இதழ் வருவதற்குள் கீழ்க்கண்டவற்றுக்குத் தாமே விடை எழுதிப் பார்க்கவேண்டுகிறேன்.

அ. உங்கள் கடையில் 25 வயதுக்கு உட்பட்ட உள்ளூர்ப் பையன்கள் எத்தனை பேர்? அவர்களில் எஸ்.பி.எம். சான்றிதழ் உள்ளவர் எத்தனை பேர்?

ஆ. உங்கள் கடையில் வெளியாளுக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலைகள் எவை? கடந்த ஒரு வருஷத்தில் அவற்றுக்குக் கொடுத்த மொத்தத் தொகை என்ன? அந்த வேலைகளில் சமூகக் கல்லூரியில் கற்கக்கூடியவை எவை?

இ. 60 வெள்ளிக்கு வாங்கி 75 வெள்ளிக்கு விற்கும் பொருளில், விற்பனை விலையில் நூற்றுக்குப் பத்து தள்ளிக் கொடுத்தால் இலாபத்தில் எத்தனை பங்கு போகும்? விடை: 15 வெள்ளி இலாபத்தில் 7 வெள்ளி 50 காசு, அதாவது பாதி.

ஈ. உங்கள் கடன் புத்தகத்தில் உள்ள குடும்பங்களில், இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதும் பிள்ளை உள்ள வீடுகள் எவை?

நான்காவது கேள்விக்கு விடையாக வரும் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வீட்டார் சாமான் வாங்க வரும்போது, பில் போடுவதற்கு முன் இரண்டு நிமிஷம் பேசுங்கள்.

வஸ்ஸலாம்.